மூன்றாம் பகுதி தப்பாக இருந்தது, ஸ்டெல்லா

ஸ்டெல்லா, என் கண்ணே,

உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போய்ச் சேர்ந்தவளிடம் சொல்வதற்கு என்ன அவசரம், என்ன தாமதம் என்று யாராவது கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை. திண்டிவனம் வந்து உன் கல்லறை முன்னால் நிற்கும்போதெல்லாம் அது வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். பூவை வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

நம் கட்டுரையின் மூன்றாம் பகுதி தப்பு, ஸ்டெல்லா. நீ எழுதிய பகுதி.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "முடிஞ்சிருச்சு இல்லக்கா?" என்று கேட்டாயே, அப்போது அது முடிந்திருக்கவில்லை. எனக்கும் அது அப்போது தெரியாது. தெரியாமல்தான் "முடிஞ்சிருச்சுடி" என்றேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாய்.

இதை நாலு பேர் படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்றால், கட்டுரை இப்போது அச்சாகப் போகிறது. உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து வரும். "செத்துப்போன பொண்ணு, பாவம்னு பேரப் போட்டுட்டா" என்று நம் டிபார்ட்மென்டிலேயே பேச்சு வந்துவிட்டது. பாவம் பார்த்துப் போட்ட பெயர் இல்லை அது. நடந்ததை நடந்தபடி உனக்குச் சொன்னால், பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் விளங்கும்.

நீ முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? விழுப்புரத்துக் கல்லூரியில் நாம் இரண்டு பேரும் கணிதத்தில் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம், உட்காரும் நாற்காலிகூட நிரந்தரமில்லை. நான் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், நீ திண்டிவனத்திலிருந்து ரயிலில். கூட்டத்தில் கசங்கிய சேலையும் கையில் டிபன் பாக்ஸுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய்.

"அக்கா, நீங்க டோரிக் வெரைட்டில ரிசர்ச் பண்றீங்கன்னு சொன்னாங்க. நெசமாவா?"

"ஆமா. ஏன்?"

"நானும் அதான் படிச்சிக்கினு இருக்கேன். இந்த ஊர்ல இதப் பேச இன்னொரு ஆள் இருக்கும்னு நெனைக்கவே இல்லக்கா."

நானும் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, "வெரைட்டி ரைஸ் மாதிரியா?" என்று கேட்டவர். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நான் தனியாகப் படித்து, தனியாகக் குழம்பி, தனியாகத் தெளிந்துகொண்டிருந்தேன். உன்னை விட எனக்கு நாலைந்து வயசு கூட. நீ "அக்கா" என்றாய். கொஞ்ச நாளிலேயே "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. எனக்குக் கூடப்பிறந்த பொம்பளைப் பிள்ளை இல்லை. அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நம் வேலை முக்கால்வாசி விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில்தான் நடந்தது. உன் சாயங்கால ரயில் வரும்வரை நானும் உன்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவித்த மல்லாட்டை வாங்கி மடியில் வைத்து உரித்துத் தின்றுகொண்டு, பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் கோடு போடுவோம். ரயில் தாமதம் என்று மைக்கில் சொன்னால் நமக்குச் சந்தோஷம்.

ஒரு மழை நாளில், விருத்தாசலம் போகிற ஓர் அம்மா நம் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வீடு கட்ற பிளானா?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நீ குடையை விரித்தாய்.

"இந்தக் கொடையப் பாருங்கம்மா. நடு முனைலேருந்து கம்பிங்க கெளம்புது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல துணி. கண்ணால பாக்க முடியாத ஒரு எடம் இருக்குது. பெரிய எடம். ஆனா அதுக்கு இந்த மாரி ஒரு கொடைப் படம் உண்டு. கம்பிய எண்ணுனா அந்த எடத்துக்குள்ள முக்கியமான சொவரு எத்தினின்னு தெரியும். துணிய எண்ணுனா அதோட வடிவத்தப் பத்தி தெரியும். அந்த சொவருக்குத்தான் டிவைசர்னு பேரு."

"அந்த எடத்த யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல. நாங்க கம்பியத்தான் பாத்துக்கினு இருக்கோம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல வேலதான்" என்றார். நீ சிரித்த சிரிப்பில் குடை என் தலையில் இடித்தது. டோரிக் வெரைட்டியை அதைவிட ஒழுங்காக யாருக்கும் நான் விளக்கியதில்லை. வகுப்பில் இப்போதும் உன் குடையைத்தான் சொல்கிறேன்.

நாம் வேலை செய்தது குடையைவிட ஒரு பரிமாணம் கூட. அங்கே துணிக்குப் பதில் கூம்பு. ஒவ்வொரு கூம்பையும் கம்பிகள் தாங்கும். பல இடத்தில் மூன்று கம்பி, பல இடத்தில் நான்கு. நம் கேள்வி இதுதான். ஒரு கம்பிக்குரிய டிவைசரை ஒவ்வொரு கூம்புக்குள்ளும் ஒரே ஒரு சூத்திரத்தில் அடக்க முடியுமா? முடியாவிட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று எடுத்துப் பார்க்கலாம். ஏதோ ஒரு மடங்கில் அடங்கிவிட்டால் போதும். பிறகு அந்த இடத்தின் டோபாலஜியை, அதாவது அதற்குள் எத்தனை வெற்றிடம், என்ன மாதிரியான வெற்றிடம் என்பதைக் கம்பிகளை வைத்தே கணக்கிட்டுவிடலாம். நாம் எடுத்துக்கொண்ட வகையில் எல்லா டிவைசரும் ஏதோ ஒரு மடங்கில் அடங்கும் என்று மூன்றாம் பகுதியில் நீ நிரூபித்தாய். கட்டுரை ஆங்கிலத்தில், நாம் சண்டை போட்டது முழுக்கத் தமிழில். அந்தக் கடைசி வரிக்கு நீ சொன்ன தமிழ் இன்னும் காதில் இருக்கிறது: "தகுந்த மடங்கு எடுத்தா வேலை முடிஞ்சிதுக்கா."

அந்த வருஷம்தான் உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாய். கேட்டால், "ஒன்னியும் இல்லக்கா, தூக்கம் பத்தல" என்பாய். உன் காலில் கன்றிப்போன நீலத் திட்டுகளைப் பார்த்தபோது, ரயில் கூட்டத்தில் யாரோ இடித்தார்கள் என்றாய். புதுச்சேரியில் ரத்தத்தைச் சோதித்து, ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன பிறகுதான் எல்லாம் விளங்கியது. அதற்குள் நோய் வெகுதூரம் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, அதை அசைக்காமல் மறு கையால் மூன்றாம் பகுதியை எழுதினாய். வேண்டாம் என்று நானும் சொன்னேன், உன் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் சொன்னார். நீ கேட்கவில்லை. எழுதியதை வாங்கி உன் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து படித்தேன். எல்லாம் சரியாகவே தெரிந்தது. நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். பிறகு நீ கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப அடுத்து நாலாவது பரிமாணம்" என்றாய்.

தை மாதத்தில் போய்விட்டாய். உன் அம்மா, நாற்று நட்டும் களை எடுத்தும் உன்னை எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வைத்தவர், உன் பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காத நாற்காலிகள். என்னால் அழக்கூட முடியவில்லை. இவளோடு பேசுவதற்கு என்னிடம் இருக்கும் விஷயங்களை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

தப்பைக் கண்டுபிடித்தது பரீட்சை ஹாலில். செமஸ்டர் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையை அனுப்புவதற்கு முன் மூன்றாம் பகுதியில் ஒரு சின்ன உதாரணம் சேர்க்கலாம் என்று நினைத்து, மிச்சமிருந்த ஒரு தாளில் இருப்பதிலேயே எளிய நான்கு கம்பிக் கூம்பை எடுத்துக்கொண்டேன். ஒரு கம்பியின் டிவைசருக்குச் சூத்திரம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். தெரியாத எண்கள் மூன்று. சமன்பாடுகள் நான்கு. வரவில்லை. இரண்டு மடங்கு எடுத்தேன், வரவில்லை. மூன்று மடங்கு, வரவில்லை. எத்தனை மடங்கு எடுத்தாலும் வராது என்பது அப்புறம்தான் உறைத்தது. மூன்று கம்பி இருந்தால் உன் வரி சரி. நான்கு கம்பி இருந்தால் தப்பு. அந்த வகைக் கூம்பு நம் கட்டுரை முழுக்க இருக்கிறது.

"மேடம், அடிஷனல் ஷீட்" என்று ஒரு பெண் பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

ஹாலை விட்டு வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? உனக்குப் போன் போட்டேன். நிஜமாகவே போட்டேன், ஸ்டெல்லா. மணி அடிக்கும்போதுகூட நினைவு வரவில்லை. "அடியே, மூணாவது பகுதி போச்சுடி" என்று சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றது ஆரோக்கியத்தின் குரல்.

போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன்.

"பழக்கத்துல போட்டுட்டீங்களா?"

"ஆமாம்ப்பா."

"எனக்குந்தாங்கக்கா. கடைலேருந்து சாப்பாட்டுக்கு வர்றேன்னு இந்த நம்பருக்குப் போடுவேன். பாத்தா என் பாக்கெட்லயே அடிச்சிக்கினு இருக்கும்."

அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில், பிள்ளைகள் பார்க்க.

அதன் பிறகு உன்மேல் கோபம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துவிட்டு, முடிந்தது என்று நிம்மதியாகப் போய்விட்டாளே என்று கோபம். கொஞ்ச நேரத்தில் அதே நினைப்பு வேறு மாதிரி வரும். நல்ல வேளை, நிம்மதியாகவாவது போனாளே. இரண்டில் எது நியாயம்? இன்றைக்கும் எனக்கு முடிவாகவில்லை.

என் பிஎச்.டி. கைடு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், உனக்கே தெரியும். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேன்மொழி, அந்தப் பகுதியை எடுத்துட்டு நீயே புதுசா ஒண்ணு எழுது. உன் பேர்ல அனுப்பு. கடைசியில ஸ்டெல்லாவுக்கு ஒரு நன்றி போட்டுடலாம். தப்பான நிரூபணத்தோட அந்தப் பொண்ணு பேரு ஊர் சுத்துறது அவளுக்கும் மரியாதை இல்லம்மா" என்றார். நான் தீசிஸ் சமர்ப்பிக்க ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் உன் பகுதியை முழுவதும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு வழியில் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில், சமையலறையில், வகுப்புக்கு நடுவில் என்று எங்கே பார்த்தாலும் அதே நான்கு கம்பி. அந்தக் கூம்பை உடைக்க ஒரு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரெதிரே இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு தடுப்பு போட்டால், நான்கு கம்பிக் கூம்பு, மூன்று கம்பி கொண்ட இரு கூம்புகளாகப் பிரிந்துவிடும். புதுக் கம்பி வேண்டாம். டிவைசர்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த இடத்தில் முன்பு ஒரு புள்ளி இருந்தது. தடுப்பு போட்ட பிறகு புள்ளிக்குப் பதில் ஒரு பந்தின் மேற்பரப்பு வந்து உட்காரும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் தடுப்பை இந்தப் பக்கமாகவும் போடலாம், அந்தப் பக்கமாகவும் போடலாம். இரண்டும் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் விடும். நம்மிடம் கூம்புகள் ஏராளம். கண்டபடி தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு கூம்பும் தனியே சரியாக இருந்தாலும் முழு இடம் நமக்குப் பயன்படாததாகிவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே விதி வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

விதி உன் மூன்றாம் பகுதியிலேயே இருந்தது.

அந்தப் பகுதியின் முதல் பாதியில் கம்பிகளுக்கெல்லாம் நீ வரிசை எண் கொடுத்திருந்தாய். அது வேறு காரியத்துக்காகக் கொடுத்தது. தப்பான பாதிக்குப் போகும் வழியில் நீ கட்டிய படி. அந்த வரிசையைப் பற்றி நீ நிரூபித்ததெல்லாம் சரி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் செய்ததெல்லாம் இதுதான்: ஒவ்வொரு நான்கு கம்பிக் கூம்பிலும் உன் வரிசைப்படி முதலில் வரும் கம்பியிலிருந்து அதன் எதிர்க் கம்பிக்குத் தடுப்பு போடு. எல்லாம் பொருந்தியது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு போகும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியாக்கா, பாத்தியாக்கா" என்று சொல்வதுபோலவே இருந்தது. நீ முதலில் சொன்னது அந்த இடத்துக்கு அப்படியே உண்மையாகாது. தடுப்பு போட்ட பிறகு உண்மை. நீ இல்லாவிட்டால் அந்தத் தடுப்பை நான் போட்டிருக்கவே முடியாது.

இதைச் சாரிடம் காட்டினேன். "அப்ப பேரு இருக்கணும்" என்றார், அவ்வளவுதான். குடும்பத்தில் ஒருவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று ஆய்விதழ்க்காரர்கள் கேட்பார்கள் என்று சொன்னார்.

அடுத்த நாளே திண்டிவனம் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே ஆரோக்கியத்தின் மெக்கானிக் கடை. கையில் ஆயிலோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் எதையும் மறைக்கவில்லை. எங்கே தப்பு, எப்படிச் சரியானது, எல்லாம் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"கோச்சிக்காதீங்கக்கா. அந்தக் கணக்குன்னாலே எனக்கு வயிறு எரியுது. ரயிலப் புடிக்கணும்னு கஞ்சிகூட குடிக்காம ஓடுவா. ஒடம்பு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லல. ஆஸ்பத்திரில கூட என் மூஞ்சிய பாக்கல, பேப்பரப் பாத்துக்கினு இருந்தா. இப்ப வந்து அது தப்புன்றீங்க."

"முழுசும் தப்பு இல்லப்பா..."

"தப்புதானேக்கா? இத்தினியும் வுட்டுட்டு அந்தத் தப்பத்தான் எழுதிக்கினு இருந்தாளா? அதுல அவ பேரப் போட்டு இன்னா ஆவப்போவுது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கடைசி வாரங்களில் உன் கண் அவரைவிட அதிகமாகத் தாளில்தான் இருந்தது. கட்டிலோரத்தில் உட்கார்ந்து நானும் அந்தத் தாளைத்தான் பார்த்தேன். அவர் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்துவிட்டு வந்தேன். இனி அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று முடிவுகட்டிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், கடைசி வகுப்பு நேரத்தில், அவரே விழுப்புரம் வந்தார். டிபார்ட்மென்ட் வாசலில் சலவைச் சட்டையோடு நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

"அவ எங்க ஒக்காருவா?"

காட்டினேன். ஜன்னல் பக்கத்து மேசை. அதில் இப்போது வேறு ஒரு பெண் உட்காருகிறாள். அன்றைக்கு அவள் வகுப்பில் இருந்தாள். ஆரோக்கியம் உட்காரவில்லை. மேசைமேல் கையை மட்டும் வைத்தார். மேசை ஆடியது.

"எங்க தப்பு பண்ணான்னு காட்டுங்கக்கா. எனக்குப் புரியாது. இருந்தாலும் காட்டுங்க."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்த மேசையையே காட்டினேன். "மூணு கால் முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாதுப்பா. நாலு கால் மேசை ஆடும். காலுங்க ஒசரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வந்தாத்தான் நிக்கும். அவ நாலு கால்லயும் அது நிக்கும்னு எழுதிட்டா. மடங்கு எடுத்தா சரியாயிடும்னு நெனைச்சா. ஆனா அந்த வித்தியாசத்த எத்தன மடங்கு ஆக்கினாலும் ஆட்டம் பெருசாகுமே தவிர நிக்காது."

"இப்ப இன்னா பண்ணீங்க?"

"பலகைய மூலைக்கு மூலை அறுத்து ரெண்டாக்கி நடுவுல கீல் வச்ச மாதிரி. ரெண்டு பக்கமும் மூணு மூணு காலு, அறுத்த மூலைக் காலு ரெண்டும் ரெண்டு பக்கத்துக்கும் பொது. காலு புதுசா போடல. எந்த மூலைலேருந்து அறுக்கணும்னு அவ போட்ட நம்பர்தான் சொல்லுச்சு."

அவர் மேசையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்ததும் அது இல்லை.

"அவ எழுதுனத நீங்க ஆஸ்பத்திரிலயே படிச்சீங்க இல்ல?"

"படிச்சேன்."

"உங்களுக்கும் தெரியல."

"தெரியல. சார் படிச்சாரு. அவருக்கும் தெரியல."

"அப்ப அவ மருந்து மயக்கத்துல எழுதுனதால வந்த தப்பு இல்லியே?"

அப்போதுதான் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது, ஸ்டெல்லா. நோய் உன் மூளையையும் எடுத்துக்கொண்டுவிட்டதோ என்று அந்த மனிதர் இத்தனை நாளாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டு அவதிப்பட்டிருக்கிறார். கடைசியில் தான் பார்த்தது நீதானா, நோயா என்று.

"இல்லப்பா. நல்லா தெளிவா யோசிக்கிறவங்க பண்ற தப்பு அது. அவ அவளாத்தான் இருந்தா. கடைசி வரைக்கும்."

ஆரோக்கியம் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். வராந்தாவில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

போட்டுவிட்டு, "படிக்கிறவங்க அவ பேர சரியா சொல்லுவாங்களா?" என்று கேட்டார். நான் சொல்வார்கள் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். கடையைப் பூட்டாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி ரயிலுக்குப் போனார். நீ போகும் அதே ரயில்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்கு முந்தைய பிரதியும் வந்துவிட்டது. இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அதன் முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ பார்த்திருப்பாயோ என்னவோ, ஊரே அங்கேதான் இருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி, மெழுகுவத்தி, காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டிருந்த ஜனங்கள். உன் அம்மா காலையிலேயே வந்து புல்லைப் பிடுங்கிச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார். ஆரோக்கியம் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவினார்.

தாளை உன் அம்மாவிடம் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இதுல எதும்மா அவ பேரு?"

தொட்டுக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் பெயரின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குறியை விரலால் தடவினார். எழுதியவர்களில் ஒருவர் காலமாகிவிட்டால் அச்சுக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில் குத்துவாள் வடிவத்தில் ஒரு குறி போடுவார்கள். பார்ப்பதற்குச் சிலுவை மாதிரியே இருக்கும்.

"சிலுவ போட்டிருக்காங்க" என்றார் உன் அம்மா. "நம்ம புள்ளன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குது."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

உன் அம்மா அந்தத் தாளை உன் கல்லின்மேல் விரித்து, பறக்காமல் இரு ஓரத்திலும் கையை வைத்துக்கொண்டு ஜெபம் சொன்னார். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உனக்குச் சொல்ல நினைத்தேன். அம்மா காதில் விழுமே என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது சொல்லிவிட்டேன். முடிஞ்சிருச்சு என்று அன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிட்டது. இன்றைக்குச் சொல்வது உண்மை. உனக்குக் கேட்கிறதா? கேட்டால், "அப்ப இன்னொரு பக்கமா தடுப்பு போட்டா இன்னாக்கா ஆவும்?" என்று நீ கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் அடுத்து எடுத்திருக்கிறேன். தனியாக. ரொம்ப மெதுவாகப் போகிறது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்; முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். வீட்டில்தான் செய்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஸ்டெல்லா. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு நான் இருப்பேன். செய்த வேலையைக் கொண்டுவந்து உன்னிடம் சொல்வேன். சரியாக வந்திருந்தாலும் சொல்வேன், தப்பாக வந்திருந்தாலும் சொல்வேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு பஸ் ஏறமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
உன் அம்மாவுக்கு இனி மூத்த மகள்,
தேன்மொழி
திருவெண்ணெய்நல்லூர்